பாஸ்தாவுக்கு ஹெவி க்ரீம்: எதை வாங்குவது, எவ்வளவு சுண்ட வைப்பது

அமெரிக்கச் சமையல் குறிப்பைப் பார்த்து வீட்டில் க்ரீம் பாஸ்தா செய்ய இறங்குபவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் கடைதான். குறிப்பில் 'ஒரு கப் ஹெவி க்ரீம்' என்று இருக்கும். நம் ஊர்க் கடையில் அந்தப் பெயரில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஃப்ரெஷ் க்ரீம், விப்பிங் க்ரீம், குக்கிங் க்ரீம், விப் டாப்பிங் என்று நாலைந்து பெட்டிகள் அடுக்கியிருக்கும். ஏதோ ஒன்றை எடுத்து வந்து ஊற்றினால் ஒரு நாள் சாஸ் பாயசம் மாதிரி இனிக்கும், இன்னொரு நாள் தக்காளி பட்டதும் திரிந்து நிற்கும். இரண்டுமே சமைத்தவர் கைக்கோளாறு கிடையாது. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்காததால் வருவது.

பின்பக்கத்தில் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம். 100 கிராமில் கொழுப்பு எவ்வளவு, சேர்மானப் பட்டியலில் முதலில் இருப்பது என்ன. மற்றதெல்லாம் விளம்பரம்.

கொழுப்புக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹெவி க்ரீம் என்பது அமெரிக்காவில் சட்டம் வரையறுத்த பெயர். பால் கொழுப்பு 36 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 30 முதல் 36 வரை இருந்தால் அதற்கு லைட் விப்பிங் க்ரீம் என்று பெயர். காபிக்கு ஊற்றும் ஹாஃப் அண்ட் ஹாஃப் 10.5 முதல் 18 வரைதான். அதைப் பாஸ்தாவில் ஊற்றிக் கொதிக்க விடக் கூடாது. பிரிட்டனில் இருப்பவர்களுக்கு டபுள் க்ரீம் கிடைக்கும். அது 48 சதவீதம், ஹெவி க்ரீமைவிடக் கனம். அங்கே 35 சதவீத விப்பிங் க்ரீம்தான் சரியான ஈடு. சிங்கிள் க்ரீம் 18தான், வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 'திக்கன்ட் க்ரீம்' என்று வருவது 35ஐ ஒட்டியது. ஆனால் கெட்டிப்படுத்த ஜெலட்டின் சேர்த்தவையும் அதில் உண்டு, சைவம் சாப்பிடுபவர்கள் பட்டியலைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

இந்தியாவில் கதை வேறு. எல்லாக் கடையிலும் கிடைக்கும் அமுல் ஃப்ரெஷ் க்ரீமில் 25 சதவீதம்தான் கொழுப்பு. பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அமுல் விப்பிங் க்ரீம் 30. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் குளிர்பெட்டியில் வைத்திருக்கும் இறக்குமதி விப்பிங் க்ரீம்கள் 35ஐ ஒட்டி வரும், விலையும் அதற்கேற்ப இருக்கும். ஆக, அமெரிக்கக் குறிப்பில் 'ஹெவி க்ரீம்' என்று இருக்கும் இடத்தில் ஃப்ரெஷ் க்ரீமை அதே அளவு ஊற்றினால், கொழுப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, தண்ணீர் கூடுகிறது. சாஸ் நீர்த்துப் போவதற்கும் தக்காளியில் திரிவதற்கும் மூலம் இந்த இடைவெளிதான். இதைச் சரிக்கட்ட எளிய வழிகள் உண்டு, கீழே வருகிறேன்.

அதற்கு முன் பேக்கரிச் சாமான் கடை. கேக்குக்குப் பூசும் விப் டாப்பிங் அங்கே உறைபெட்டியில் ஒரு லிட்டர், ஒரு கிலோ பாக்கெட்டாகக் கிடைக்கும். கடைக்காரரும் அதைப் 'விப்பிங் க்ரீம்' என்றே சொல்லித் தருவார். அதில் பெரும்பாலும் பாலே இருக்காது. ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, அதுவும் எண்ணெய்ப்பனைக் கொட்டையின் எண்ணெய், தண்ணீர், சர்க்கரை. கேக்குக்காகவே செய்தது, இனிப்பு முதலிலேயே கலந்திருக்கும். வெண்ணெயில் பூண்டு வதக்கி, இதை ஊற்றி, சீஸ் துருவிப் போட்டால் என்ன சுவை வரும் என்று யோசித்துப் பாருங்கள். உப்பும் மிளகும் எவ்வளவு போட்டாலும் மீட்க முடியாது. சேர்மானத்தில் சர்க்கரை என்ற சொல் கண்ணில் பட்டாலோ, 'நான் டெய்ரி' என்றோ 'டாப்பிங்' என்றோ எழுதியிருந்தாலோ, அந்தப் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள். பச்சைப் புள்ளி இரண்டிலும்தான் இருக்கும், அது இங்கே வழிகாட்டாது.

ஸ்டெபிலைசர் சேர்த்திருக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். பாஸ்தா சாஸுக்கு அதனால் கெடுதல் இல்லை. கொழுப்பும் நீரும் பிரியாமல் பிடித்துக்கொள்ளத்தான் அது, நமக்குத் துணையே. டின்னில் வரும் க்ரீம் மட்டும் எனக்கு உவப்பில்லை. டின்னுக்குள்ளேயே அதிகச் சூட்டில் வைத்துப் பதப்படுத்துவதால் காய்ச்சிச் சுண்டிய பாலின் வாடை வந்துவிடுகிறது. பழக் கலவைக்கு அது பொருந்தும், பூண்டுக்கும் மிளகுக்கும் பொருந்தாது. உப்பிய டெட்ரா பெட்டி, ஓரம் நசுங்கிக் கசிந்த பெட்டி எதையும் எடுக்காதீர்கள்.

இனி அடுப்புக்கு வருவோம். நம் சமையலில் பழகிய கைக்குக் க்ரீம் விஷயத்தில் ஒரு தயக்கம் இருக்கும். சொதிக்குத் தலைப்பால் ஊற்றினால் கொதிக்க விடாமல் இறக்கு என்றுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மோர்க்குழம்பு நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும், தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். அதே பயத்தில் க்ரீமை ஊற்றியதும் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அதனால்தான் பல வீடுகளில் க்ரீம் பாஸ்தா பச்சை வாடையோடு, தட்டின் அடியில் வெள்ளைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. கொழுப்பு போதுமான அளவு இருக்கும் க்ரீம் கொதிக்கத் தாங்கும். தாங்குவது மட்டுமில்லை, சற்றுக் கொதித்துச் சுண்டினால்தான் அது சாஸாகிறது.

காரணம் எளிது. பால் திரிவது அதிலுள்ள கேசின் என்ற புரதத்தால். புளிப்பும் சூடும் உப்பும் சேர்ந்தால் கேசின் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். பாலில் புரதம் மூன்றேகால் சதவீதம் அளவில் இருக்கிறது, கொழுப்புத் துளிகள் குறைவு. அதனால் கேசின் துணுக்குகள் ஒன்றையொன்று எளிதில் சந்திக்கும். ஹெவி க்ரீமில் புரதம் குறைவு, குறுக்கே நிற்கும் கொழுப்புத் துளிகள் ஏராளம். ஒட்டிக்கொள்ள வழியில்லை. கொழுப்பு 25க்குக் கீழே இறங்க இறங்க இந்தப் பாதுகாப்பு மெலிந்துகொண்டே வரும். 25 சதவீத ஃப்ரெஷ் க்ரீம் சரியாக எல்லையில் நிற்கிறது. வெறும் வெள்ளை சாஸில் அது கொதிப்பைத் தாங்கும், புளிப்புச் சேர்ந்தால் கவனம் வேண்டும்.

மோர்க்குழம்புக்கு அரிசியும் பருப்பும் அரைத்து ஊற்றுகிறோமே, அதுவும் இதே வேலைதான். மாவுச்சத்து கேசினைச் சூழ்ந்துகொண்டு திரியாமல் காக்கிறது. பாஸ்தா வெந்த தண்ணீரைச் சாஸில் ஊற்றச் சொல்வதும் இதற்காகவே. அந்தக் கலங்கல் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டுவது பெரிய நஷ்டம். வடிக்கும் முன் ஒரு டம்ளர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

25 சதவீத க்ரீமை ஹெவி க்ரீம் அளவுக்கு உயர்த்த இரண்டு வழி. ஒன்று சுண்ட வைப்பது. 250 மில்லி ஃப்ரெஷ் க்ரீமை அகலமான வாணலியில் சிறு தீயில் 170 மில்லி ஆகும்வரை சுண்ட விட்டால் கொழுப்பு 36, 37 சதவீதத்துக்கு வந்துவிடும். இரண்டாவது வழி வெண்ணெய் சேர்ப்பது. 200 மில்லி ஃப்ரெஷ் க்ரீமுக்கு 45 கிராம் வெண்ணெயை உருக்கிக் கலந்தால் 35 சதவீதத்தை எட்டும். வெண்ணெயில் கிட்டத்தட்ட 80 சதவீதம் கொழுப்பு என்ற கணக்கில் சொல்கிறேன். மஞ்சள் நிற உப்பு வெண்ணெய் என்றால் இந்த 45 கிராமிலேயே ஒரு கிராம் உப்பு வந்துவிடும், சாஸில் உப்பைக் குறையுங்கள். வெள்ளை சாஸுக்குச் சுண்ட வைக்கும் வழி மேல், சுவை அடர்ந்து வரும். தக்காளி சேரும் சாஸுக்கு வெண்ணெய் வழி மேல். ஏனென்றால் சுண்டினால் கொழுப்போடு கேசினும் செறிவாகிறது, வெண்ணெயில் கொழுப்பு மட்டும்தான் கூடுகிறது. இந்தக் கலவையை அடித்துப் பொங்க வைக்க முயலாதீர்கள், சாஸுக்கு மட்டுமே ஆகும்.

வீட்டுப் பாலாடையைப் போடலாமா என்று கேட்பவர்கள் அதிகம். காய்ச்சிய பாலின் மேல் படியும் ஏடு க்ரீம் ஆகாது. சூட்டில் கெட்டிப்பட்ட புரதமும் கொழுப்பும் சேர்ந்த படலம் அது. மிக்ஸியில் அடித்தாலும் சாஸில் துணுக்குத் துணுக்காகத் தெரியும். அதைவிட முக்கியம், வெண்ணெய் எடுப்பதற்காக ஒரு வாரம் சேர்த்து வைத்த ஏட்டில் புளிப்பு ஏறியிருக்கும். சூடான வாணலியில் விழுந்த கணமே திரியும். அன்றைய ஏட்டை அன்றே, இரண்டு ஸ்பூன் பாலோடு நைசாக அடித்து, அடுப்பை அணைத்த பிறகு சேர்ப்பதானால் சரி.

பாலும் வெண்ணெயும் கலந்து க்ரீமுக்குப் பதிலாக ஊற்றச் சொல்லும் குறிப்புகளும் நிறைய உலவுகின்றன. கலந்து வைத்தால் ஒன்றுசேர்ந்த மாதிரி தெரியும், அடுப்பில் இரண்டு நிமிடத்தில் வெண்ணெய் மேலே மிதக்கும். மாவு இல்லாமல் அது நிற்காது. மாவு சேர்த்தால் அது பெஷமல், நம் வீடுகளில் 'வைட் சாஸ்' என்று சொல்வது. அது நல்ல சாஸ்தான், ஆனால் வேறு சாஸ். க்ரீம் இல்லாத நாளில் ஆரஞ்சுப் பாக்கெட் ஆவின் பால், அதாவது 6 சதவீதக் கொழுப்புள்ளது 250 மில்லி, மைதா ஒன்றரை மேசைக்கரண்டி, வெண்ணெய் 20 கிராம் போட்டு முறையாகப் பெஷமல் செய்துவிடுவது மேல். அரைகுறை மாற்று எதுவும் வேண்டாம்.

இருவருக்கான அளவு இது. பாஸ்தா 200 கிராம், 25 சதவீத ஃப்ரெஷ் க்ரீம் 200 மில்லி, வெண்ணெய் 30 கிராம், பூண்டு 3 பல், நைசாகத் துருவிய பார்மெசன் சீஸ் 50 கிராம், வெள்ளை மிளகு அரை டீஸ்பூன், ஜாதிக்காயைத் துருவியில் நாலைந்து இழுப்பு. 35 சதவீத க்ரீம் கையில் இருந்தால் 150 மில்லி க்ரீமும் 15 கிராம் வெண்ணெயும் போதும். அமெரிக்கக் குறிப்பில் 'கப்' என்றால் 240 மில்லி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

க்ரீம் சாஸுக்கு ஃபெட்டுச்சினி மாதிரிப் பட்டையான பாஸ்தாதான் பொருத்தம். பென்னேயும் நன்றாக வரும், குழலுக்குள் சாஸ் ஏறும். மெல்லிய ஸ்பகெட்டியில் கனமான சாஸ் ஊற்றினால் இடியாப்பச் சிக்கலாக ஒட்டிக்கொள்ளும். பாக்கெட்டில் டியூரம் கோதுமை ரவை என்று எழுதியிருப்பதை வாங்குங்கள். மைதா கலந்தது சாஸில் புரட்டும்போதே குழைந்துவிடும்.

ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து 15 கிராம் உப்புப் போடுங்கள், தலைதட்டிய இரண்டரை டீஸ்பூன் தூள் உப்பு. எண்ணெய் ஊற்ற வேண்டாம். எண்ணெய் பூசிய பாஸ்தாவில் சாஸ் ஒட்டாது. தண்ணீரை மூன்று நாலு லிட்டர் என்று எடுக்காமல் ஒன்றரையில் நிறுத்துவது மாவுச்சத்து செறிவாக இறங்குவதற்காக. ஆரம்பத்தில் இரண்டு மூன்று முறை கிளறிவிட்டால் அந்தத் தண்ணீரிலும் ஒட்டாது.

பாஸ்தா உள்ளே போனதும் பக்கத்து அடுப்பில் சாஸை ஆரம்பியுங்கள். அகலமான எவர்சில்வர் அல்லது நான்ஸ்டிக் வாணலி நல்லது. இரும்பு வாணலி க்ரீமின் நிறத்தைப் பழுப்பாக்கும், தக்காளி சேர்ந்தால் உலோக வாடையும் வரும். சிறு தீயில் வெண்ணெய் உருகியதும் நசுக்கிய பூண்டைப் போட்டு முப்பது விநாடி, வாசம் கிளம்பும்வரை மட்டும். பூண்டு சிவந்துவிட்டால் அந்தக் கசப்பு க்ரீமில் பரவி நிற்கும், நம் தாளிப்பு மாதிரி அது அழகாகாது. உடனே க்ரீமை ஊற்றுங்கள்.

இனி நாலைந்து நிமிடம் வாணலியை விட்டு நகராதீர்கள். முதலில் ஓரத்தில் பொடிப் பொடியாக, வேகமாக நுரை வரும். அது நீர் அதிகமாக இருப்பதன் அடையாளம். கரண்டியால் அடியை வழித்துக்கொண்டே இருங்கள். மூன்றாவது நிமிட வாக்கில் நுரை அடங்கி, கொப்புளங்கள் பெரிதாக, சோம்பலாக மேலே வந்து உடையும். சத்தமும் மாறும், 'சிர்' என்ற சத்தம் போய் 'பொளக் பொளக்' என்று கேட்கும். வெள்ளை நிறம் தந்த நிறத்துக்குத் திரும்பும். மரக்கரண்டியை முக்கி எடுத்து, முதுகில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோட்டின் இரு கரையும் சரியாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. வெல்லப் பாகுக்குப் பதம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு முறையிலேயே பிடிபடும். 200 மில்லி இப்போது 150க்கு அருகில் இறங்கியிருக்கும்.

இதற்கு மேல் சுண்ட விடக் கூடாது. க்ரீம் என்பது தண்ணீருக்குள் மிதக்கும் கொழுப்புத் துளிகள். தண்ணீர் அளவுக்கு மீறிக் குறைந்தால் துளிகள் நெருக்கிக் கலந்து எண்ணெயாகப் பிரியும். 36 சதவீத ஹெவி க்ரீமை மூன்றில் ஒரு பங்கு சுண்டினாலே கொழுப்பு 54 சதவீதம் ஆகிறது, அதற்கப்பால் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்துதான். ஃப்ரெஷ் க்ரீம் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே ஒரு சாதகம்: தொடக்கத்தில் நீர் அதிகம் என்பதால் கவனம் சிதறினாலும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

பாஸ்தா பாக்கெட்டில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் எட்டரை நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். இடுக்கியால் நேரே சாஸுக்குள் மாற்றி, வெந்த தண்ணீர் 60 மில்லி ஊற்றி, மிதமான தீயில் ஒன்றரை நிமிடம் புரட்டுங்கள். மீதி வேக்காடு இங்கே நடக்கிறது. பாஸ்தா சாஸை உறிஞ்சும், அதன் மாவுச்சத்து சாஸைப் பிடித்து நிறுத்தும். அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுத்து, சீஸை மூன்று தடவையாகத் தூவிக் கிளறுங்கள். பரிமாறும் நேரத்தில் சாஸ் உங்களுக்குப் பிடித்ததைவிடச் சற்று இளக்கமாகத் தெரிய வேண்டும். தட்டுக்குப் போன இரண்டு நிமிடத்தில் அதுவே இறுகும். வாணலியிலேயே சரியான கெட்டியில் இருந்தால் மேசைக்குப் போகும்போது களியாகிவிடும்.

அடுப்பை அணைத்த பிறகே சீஸ் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கொதிக்கும் சாஸில் போட்டால் சீஸின் புரதம் சுருங்கி, ரப்பர் உருண்டையாகக் கரண்டியில் சுற்றிக்கொள்ளும். கொழுப்பு தனியே வழியும். க்ரீம் திரிந்துவிட்டது என்று பலர் நினைப்பது உண்மையில் இதுதான்.

சீஸ் வாங்குவதிலும் ஒரு வார்த்தை. துருவிய பார்மெசன் என்று டப்பாவில் வரும் தூளில் ஒட்டாமலிருக்கச் செல்லுலோஸ் சேர்ப்பதுண்டு. அது கரையாது, சாஸில் மணல் மாதிரி நறநறக்கும். கட்டியாக வாங்கித் துருவுங்கள். இத்தாலியின் அசல் பார்மெசனான பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால்தான் உறைய வைக்கிறார்கள், அது அவர்கள் விதி. சைவர்களுக்கு நுண்ணுயிர் ரென்னட்டில் இந்தியாவில் செய்யும் பார்மெசன் வகைகள் இருக்கின்றன. பச்சைப் புள்ளி பார்த்து வாங்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு சீஸ் க்யூப், 50 கிராம். பதப்படுத்திய சீஸில் உருகவைக்கும் உப்புகள் சேர்ந்திருப்பதால் அது ஒருநாளும் கட்டியாகாது, வழவழவென்று கரையும். சுவை தட்டையாக, உப்பு மட்டும் தூக்கலாக இருக்கும். வேறு உப்பே போட வேண்டாம்.

இந்தச் சாஸுக்கு ஆல்ஃப்ரெடோ என்று பெயர் வந்த கதையில் க்ரீமே கிடையாது. ரோம் நகரில் உணவகம் வைத்திருந்த ஆல்ஃப்ரெடோ டி லெலியோ வெண்ணெயும் பார்மிஜானோவும் மட்டுமே போட்டு ஃபெட்டுச்சினியைப் புரட்டிக் கொடுத்தார். ஹாலிவுட் நட்சத்திரங்கள் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் மேரி பிக்ஃபோர்டும் 1920களில் அங்கே சாப்பிட்டு மயங்க, பெயர் அமெரிக்காவுக்குப் போனது. க்ரீம் சேர்ந்தது அந்தக் கரையில்தான். வெண்ணெயையும் சீஸையும் பாஸ்தாத் தண்ணீரில் ஒன்றாக இணைக்கக் கைப்பழக்கம் வேண்டும், க்ரீமில் அந்த இணைப்பு ஏற்கெனவே தயாராக இருக்கிறது. வீட்டுச் சமையலுக்கு அமெரிக்க வழி நியாயமான சுருக்குவழி என்பது என் எண்ணம். ஆனால் கார்பனாராவில் மட்டும் க்ரீம் ஊற்றாதீர்கள். முட்டையும் சீஸும் பாஸ்தாத் தண்ணீரும் சேர்ந்து தாமே செய்துகொள்ளும் சாஸ் அது. க்ரீம் அதன் முட்டைச் சுவையை அமுக்கிவிடும்.

தக்காளி சேரும் பிங்க் சாஸில்தான் க்ரீமின் தரம் உண்மையாகச் சோதிக்கப்படுகிறது. நாட்டுத் தக்காளி வேண்டாம், புளிப்பு அதிகம். நன்கு பழுத்த பெங்களூர்த் தக்காளி 400 கிராம், கொதிநீரில் போட்டுத் தோலுரித்து அரைத்தது. ஆலிவ் எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டியில் பூண்டும் ஒரு சிறிய வெங்காயமும் வதக்கி, தக்காளியை ஊற்றிப் பதினைந்து இருபது நிமிடம், எண்ணெய் ஓரத்தில் பிரிந்து வரும்வரை வதக்குங்கள். தக்காளித் தொக்குக்கு முக்கால் பங்கு தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். அரைவேக்காட்டில் க்ரீம் ஊற்றுவதுதான் இந்தச் சாஸின் முதல் தவறு. நீர் மிச்சம் இருந்தால் அதைச் சுண்டுவதற்காகக் க்ரீமையும் சேர்த்துக் கொதிக்க விட வேண்டி வரும், புளிப்பும் சூடும் சேர்ந்து அது திரியும்.

தக்காளி நாக்கில் சுரீர் என்று புளித்தால் சமையல் சோடா ஒரு சிட்டிகை, டீஸ்பூனில் எட்டில் ஒரு பங்கு. நுரைத்துப் பொங்கும், அடங்கும்வரை கிளறுங்கள். இதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும். சர்க்கரை புளிப்பை நாக்கிலிருந்து மறைக்குமே தவிர, புளிப்பு அப்படியே இருக்கும், க்ரீமுக்கு அது உதவாது.

பிறகு அடுப்பைச் சிம்மில் வைத்து, கொதி அடங்கியதும் க்ரீம். 100 மில்லி ஃப்ரெஷ் க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருக்க வேண்டும். கிண்ணத்தில் அதோடு ஒரு டீஸ்பூன் சோள மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, வாணலியிலிருந்து இரண்டு கரண்டி தக்காளியை அதில் விட்டுக் கலந்து, பிறகு மொத்தத்தையும் மெதுவாக வாணலியில் சேருங்கள். குளிர்ந்த க்ரீமை நேரடியாக ஊற்றினால் முதலில் விழும் பகுதி சூட்டையும் புளிப்பையும் ஒரே நேரத்தில் வாங்கிக்கொள்ளும். 35 சதவீத க்ரீம் என்றால் சோள மாவு தேவையில்லை. ஊற்றியபின் இரண்டு நிமிடம் லேசாகத் தளும்பினால் போதும். உப்பைக் கடைசியில் சரிபாருங்கள். வெள்ளை ஒயின், வோட்கா சேர்ப்பவர்கள் அதைத் தக்காளிக்கு முன்னால் ஊற்றிச் சுண்ட வைத்துவிட வேண்டும். எலுமிச்சை வேண்டுமென்றால் அடுப்பை அணைத்தபின் தோல் துருவல் மட்டும், சாறு வேண்டாம்.

காளான், கோழி, கீரை எதைச் சேர்த்தாலும் தனியாக வதக்கி, நீர் வற்றிய பிறகே க்ரீமில் போடுங்கள். 200 கிராம் பட்டன் காளான் விடும் தண்ணீர் ஒரு சாஸையே கெடுக்கப் போதும்.

இத்தனைக்கும் பிறகு கெட்டால்? எண்ணெய் மிதந்தால் பயம் வேண்டாம், அது மீளும். அடுப்பை அணைத்து, சூடான பாஸ்தாத் தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி ஊற்றி வேகமாக அடியுங்கள். சேராவிட்டால் இன்னொன்று. பெரும்பாலும் இரண்டாவது கரண்டியில் பளபளப்பு திரும்பி வரும். வெள்ளைத் துணுக்குகளாகத் திரிந்திருந்தால் அது மீளாது. கேசின் கட்டியானபின் பிரியாது. சற்று ஆறவிட்டு மிக்ஸியில் அடித்தால் துணுக்கு நைசாகிக் கண்ணுக்கு மறையும், பிங்க் சாஸில் இது ஓரளவு எடுபடும். சாப்பிட ஆபத்தில்லை. ஆனால் பெட்டியைத் திறந்ததுமே புளித்த வாடையோ கசப்போ இருந்த க்ரீம் என்றால் கொட்டிவிடுங்கள்.

திறந்த பெட்டியை மூடிய பாத்திரத்துக்கு மாற்றி, குளிர்பெட்டியின் உள்பக்கம் வையுங்கள். கதவில் வேண்டாம், அங்கே சூடு ஏறி இறங்கும். மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுவது நல்லது. முடியாதென்றால் ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்து, கட்டிகளை உறையில் போட்டு இரண்டு மாதம் வரை வைக்கலாம். ஒரு கட்டி எவ்வளவு பிடிக்கும் என்று ஒருமுறை தண்ணீர் ஊற்றி அளந்து, உறைமேல் எழுதி வைத்துவிடுங்கள். உறைந்த க்ரீமில் கொழுப்புத் துளிகள் உடைந்திருக்கும். உருகியதும் தயிர் பிரிந்த மாதிரி தெரியும். அதனால் உருக வைக்காமல் கட்டியாகவே சூடான வெள்ளை சாஸில் போட்டுக் கிளறுங்கள், சேர்ந்துவிடும். அடித்துப் பொங்க வைக்க அது ஆகாது, தக்காளி சாஸுக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சிய பாஸ்தாவைச் சூடாக்கும்போது க்ரீம் ஊற்றாதீர்கள், ஏற்கெனவே கொழுப்பு அதிகம், நீர்தான் குறைந்திருக்கிறது. ஒருவர் சாப்பிடும் அளவுக்கு இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, மூடிபோட்டு சிம்மில் மூன்று நிமிடம், நடுவில் ஒரு முறை புரட்டல். மைக்ரோவேவ் என்றால் பாதிச் சக்தியில் ஒரு நிமிடம், எடுத்துக் கிளறி, இன்னொரு நிமிடம். முழுச் சக்தியில் வைத்தால் ஓரம் எண்ணெய் விட்டுவிடும், நடு மட்டும் சில்லென்று இருக்கும்.